கணினியைத் திறந்த மாணவியைத் தண்டிக்காதீர்கள்: நம் பள்ளி மேலாண்மைக் குழுவிற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், தலைமை ஆசிரியர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த கூட்டத்தில் தாங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் படித்தேன். கணினி ஆய்வகத்தை ஒட்டிய பொருள் அறையில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள பழைய கணினிகளை மொத்தமாகக் காயலான் கடைக்கு எடைக்குக் கொடுத்துவிடுவது என்றும், சனிக்கிழமைப் பிற்பகல்களில் கணினிகளைத் திறந்து பார்த்துக் கற்க மாணவர்கள் அங்கே கூடுவதை நிறுத்துவது என்றும், இனி எந்த மாணவரும் பள்ளிக்குச் சொந்தமான மின்னணுக் கருவி எதையும் திறக்கவோ கழற்றவோ கூடாது என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றின் கீழே, எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக எச்சரிக்கப்பட்டார் என்றும், அவருடைய தந்தையிடம் உறுதிமொழிக் கடிதம் பெறப்பட்டது என்றும் ஒரு வரி இருக்கிறது. முதல் மூன்று முடிவுகளை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசி வரி உண்மைக்கு மாறானது. இந்தப் பள்ளியில் படித்தவன், கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளை எழுதுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன், அந்தச் சனிக்கிழமைக் கூடுகைகளுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்பது தீர்மானத்தில் இல்லாததால் அதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தின் கடைசி வரிசையில் இருந்த கணினி ஒன்று சில மாதங்களாக இயங்கவில்லை. மின்சாரம் கொடுத்தால் உள்ளே விசிறி சுழலும். திரை இருண்டே கிடக்கும். பெட்டியிலிருந்து நீண்ட ஓசை ஒன்று விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். பார்க்க வந்த பணியாளர் மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகை, போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி பொருள் அறைக்குப் போயிற்று. அந்த ஓசை எதற்காக வருகிறது என்று கேட்டவர் இந்தப் பள்ளியில் அந்த மாணவி ஒருவர் மட்டுமே. திரையில் எதையும் காட்ட முடியாத நிலையில் உள்ள கணினி, தன்னிடம் என்ன கோளாறு என்பதை ஒலியின் வழியாகத்தான் சொல்லும் என்றும், அப்படித் திரும்பத் திரும்ப வரும் நீண்ட ஓசை பெரும்பாலும் நினைவகத்தை, அதாவது ரேமை, கணினியால் கண்டுகொள்ள முடியவில்லை என்பதைக் குறிக்கும் என்றும் அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அடுத்த வாரம் அவர் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, ரேமை அதன் இரு ஓரக் கொக்கிகளையும் விலக்கி வெளியே எடுத்து, தொடுமுனைகளில் படிந்திருந்த அழுக்கை எழுத்து அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, துணியால் தூசு தட்டி, கொக்கிகள் தாமாக மூடிக்கொள்ளும் அளவுக்கு மீண்டும் அழுத்திப் பொருத்தினார். கணினி இயங்கியது. சென்னை ரிச்சி தெருவில் கடை போட்டிருக்கும் எந்தப் பழுதுபார்ப்பவரும் இப்படிப்பட்ட கணினிக்கு முதலில் செய்வது இதைத்தான். ஈரப்பதமும் தூசும் நிறைந்த நம் ஊர்க் காற்றில் அந்தத் தொடுமுனைகளின் மேல் மெல்லிய படலம் படிவது இயல்பு. அதைத் துடைத்தால் மின்தொடர்பு திரும்புகிறது. அந்தப் பெட்டி இன்றும் பொருள் அறையில் இருக்கிறது. உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். இயங்காத ஒன்றை இயங்க வைத்ததற்குச் சேதம் என்று எந்தப் பதிவேட்டில் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வழியாக வந்த ஒருவர் பார்த்தது திறந்து கிடந்த பெட்டியையும், பக்கத்தில் ஒரு தாளின் மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்த திருகுகளையும்தான். மறுநாள் தந்தை அழைக்கப்பட்டார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். டீசல் என்ஜின்களைக் கழற்றிப் பூட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவரை, என் மகள் இனி எந்தக் கருவியையும் கழற்ற மாட்டாள் என்று எழுதிக் கையொப்பமிட வைத்திருக்கிறோம். நான் அந்த மாணவியைப் பிறகு சந்தித்தபோது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் சார் தொட்டேன்.” பாதுகாப்பு விதியை அவர் மீறவில்லை என்பதையே தன் தற்காப்பாக அவர் சொன்னார். அதன் பிறகு ஆய்வகப் பக்கமே அவர் வருவதில்லை என்று அவருடைய வகுப்புத் தோழிகள் சொல்கிறார்கள். மிதிவண்டிச் செயின் கழன்றால் தானே மாட்டிக்கொள்ளும் பிள்ளையை நாம் யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. கணினி என்றதும் மட்டும் நமக்குக் கை நடுங்குகிறது.

இந்த நடுக்கம் நம் பள்ளிக்குப் புதியது என்பதால்தான் என் சொந்த அனுபவத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் நடுநிலை வகுப்புகளில் படித்த காலத்தில் கடைத்தெருவில் என் தாய்மாமா வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பிலிப்ஸ், மர்பி வால்வு பெட்டிகளும், தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் பெட்டிகளும் அங்கே வரும். ஆள் வந்து வாங்காமல் போன பெட்டிகளை மாமா என்னிடம் கொடுத்துவிடுவார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை, மூன்று கால்களும் ஒடியாமல், சால்டரிங் அயர்னைத் தேவைக்கு மேல் ஒரு நொடி கூட வைக்காமல் பலகையிலிருந்து எடுக்க அங்கேதான் கற்றேன். ஃபெரைட் குச்சியில் சுற்றிய கம்பிச்சுருள், ஒரு கேங் கண்டென்சர், ஒரு டயோடு, காதில் வைக்கும் சிறு ஒலிபெருக்கி, மொட்டைமாடியில் இழுத்துக் கட்டிய நீளமான கம்பி ஆகியவற்றை இணைத்து, பேட்டரியே இல்லாமல் திருச்சி வானொலி நிலையத்தைக் கேட்ட அந்த மாலையில்தான், ஒரு கருவிக்குள் இருப்பது மாயம் எதுவும் இல்லை, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையை என்னால் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. கணினியை நான் அதன் பிறகே பார்த்தேன். ஆனால் கணினியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கடையின் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தபோதே கற்றுவிட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

1984-85ஆம் கல்வியாண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து, ‘கிளாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கணினிக் கல்வித் திட்டத்தை நாடெங்கும் 250 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கின. பின்னர் அது மேலும் பல பள்ளிகளுக்கு விரிவடைந்தது. அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் நம் பள்ளிக்கும் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. இன்றைய இளைய உறுப்பினர்கள் அவற்றைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும்; செயல்விசைகள் மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும்; அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்கும் நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள சாதாரணக் கைப்பேசியில் அதைப் போல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் இடம் இருக்கிறது. ஆயினும் அந்தச் சிறிய இடத்தில் எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் இந்தப் பெரிய இடத்தில் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கணினியை இயக்கியதும் படமோ பாட்டோ வராது. ஒரு சிறு அம்புக்குறி மட்டும் திரையில் வந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நம் பொறுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும். நாம் எழுதினால்தான் அது ஏதாவது செய்யும். பேசிக் என்ற நிரல் மொழி அதன் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. ‘சவுண்டு’ என்ற கட்டளைக்குப் பின்னால் நான்கு எண்களைக் கொடுத்தால் ஒரு சுரம் ஒலிக்கும். எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு பாட்டின் மெட்டைப் பிடித்துவிட்டால் வகுப்பே சுற்றி நின்று கைதட்டும். ‘பிரேக்’ விசையைக் கைதவறி அழுத்திவிட்டால் எழுதிய நிரல் முழுவதும் போய்விட்டதைப் போலத் தோன்றும். அப்போது ‘ஓல்டு’ என்று ஒரு சொல்லைத் தட்டினால் நிரல் அப்படியே திரும்ப வந்துவிடும். பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, தடுமாறினாலும் மீண்டு வர ஒரு வழி வைத்துச் செய்யப்பட்ட கருவி அது.

அந்தக் கணினியின் அடிப்புறத்தில், வெளிக் கருவிகளை இணைப்பதற்கான ‘யூசர் போர்ட்’ என்ற இணைப்பு முனை இருந்தது. எங்கள் கணித ஆசிரியர் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்.இ.டி. விளக்குகளையும் சில மின்தடைகளையும் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வந்து, அவற்றை அந்த முனையில் இணைத்து, போக்குவரத்து விளக்கைப் போல எரிய வைக்கும் நிரலை எங்களை எழுதச் சொன்னார். திரையில் எழுதிய ஒரு எண் கம்பி வழியே வெளியே வந்து ஒரு விளக்கை எரிய வைத்ததைப் பார்த்த அன்று, மாமாவின் கடையும் பள்ளி ஆய்வகமும் எனக்கு ஒரே இடமாகிவிட்டன. என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் செய்துவந்தது அந்த விளக்குப் பயிற்சியின் தொடர்ச்சிதான். நீரேற்றிகளையும் மருத்துவமனைக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் மென்பொருளை எழுதும் போதும், ஒரு எண்ணை எழுதினால் எந்தக் கம்பியில் என்ன நடக்கும் என்ற அதே கேள்வியையே கேட்கிறேன்.

அந்த ஆசிரியர் கணினிகளை அடைத்துப் பூட்டி வைக்கவில்லை. அன்று அவற்றின் விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்திற்குச் சமம். அவை கெட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அப்படியிருந்தும் மாலை மணி அடித்த பிறகு ஆய்வகத்தைத் திறந்து வைப்பார். விசை ஒன்று ஒட்டிக்கொண்டு எழாமல் போனபோது மேல் மூடியைத் திறக்க எங்களை அனுமதித்தார். “திறந்து பாரு, ஆனா திறந்த மாதிரியே மூடத் தெரியணும்” என்பது அவர் வகுத்த ஒரே விதி. ஒரு தாளில் பெட்டியின் படத்தை வரைந்து, எந்தத் திருகை எங்கிருந்து எடுத்தோமோ அதே இடத்தில் அந்தத் தாளின் மேல் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவி திருகுகளைத் தாளில் வரிசையாக வைத்திருந்தார் என்று மேலே சொன்னேன் அல்லவா. அது அந்த ஆசிரியரிடமிருந்து என் வழியாக இந்தப் பிள்ளைகளுக்கு வந்த பழக்கம். நம் பள்ளியின் நல்ல மரபு ஒன்றைப் பின்பற்றியதற்காக நம் பள்ளியே ஒரு பிள்ளையைத் தண்டித்திருக்கிறது.

என் ஒருவனுடைய கதையைக் கொண்டு பொதுவான முடிவுக்கு வரக் கூடாது என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். சரியான மறுப்புத்தான். ஆகவே ஊரறிந்த சில நிகழ்வுகளையும் எண்ணிப் பாருங்கள்.

1968இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லேக்சைடு என்ற பள்ளியின் தாய்மார் சங்கம், பழைய பொருள்களை விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு, தொலைவிலிருந்த ஒரு கணினியுடன் பேசும் தட்டச்சு முனையத்தையும், அந்தக் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தையும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. பெரும்பாலான பல்கலைக்கழக மாணவர்களுக்கே கணினி எட்டாதிருந்த காலம் அது. அந்த முனையத்தின் முன் உட்கார்ந்தவர்களில் எட்டாம் வகுப்புப் படித்த பில் கேட்ஸும், அவரைவிட மூத்த பால் ஆலனும் இருந்தார்கள். பின்னாளில், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் கணினியிலிருந்த மென்பொருள் பிழைகளைப் பயன்படுத்திக் காசு கொடுக்காமல் நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பையன்களுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் தடை விதிக்கப்பட்டது. அது உண்மையான தவறு, தண்டனையும் நியாயமானது. ஆனால் தடைக்காலம் முடிந்ததும், பிழைகளைக் கண்டுபிடித்துத் தருகிறோம், பதிலுக்குக் கணினி நேரம் கொடுங்கள் என்று அந்தப் பையன்கள் கேட்க, அதே நிறுவனம் அதற்கு ஒப்புக்கொண்டது. தவறே செய்த பிள்ளைகளின் ஆர்வத்தை அங்கே இப்படிக் காப்பாற்றினார்கள். தவறு எதுவும் செய்யாத பிள்ளைக்கு இங்கே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. தங்கள் குழுவிலும் பெரும்பான்மையோர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. பழைய பொருள்களை விற்றுப் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிய அந்தத் தாய்மார்களை நினைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கணினிகளைப் பழைய பொருளாக விற்கும் தீர்மானத்தை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு நம் குழுவிலுள்ள தாய்மார்களை வேண்டுகிறேன்.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பல்கலைக்கழகப் பேராசிரியரான தாத்தா வாங்கி வைத்திருந்த கொமடோர் விக்-20 கணினியில் பதினோரு வயதில் கைவைத்த சிறுவன்தான், 1991இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்த லினஸ் டொர்வால்ட்ஸ். 2011இல் தமிழ்நாடு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம், அந்தக் கருவின் மேல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் தொட்ட முதல் கணினிக்கும், ஒரு தாத்தா தன் பேரனைத் தடுக்காமல் விட்டதற்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது. அரசாங்கமே பிள்ளைகளை நம்பி ஒரு முழுக் கணினியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாநிலத்தில், கழித்துக் கட்டிய கணினியின் மூடியைக் கழற்றக் கூட நாம் அவர்களை நம்பவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் படித்த அந்த பி.பி.சி. மைக்ரோவின் கதையும் இதையே சொல்கிறது. அதை உருவாக்கிய கேம்பிரிட்ஜ் நகரின் ஏகான் நிறுவனத்தில், அதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும் அவருடைய சக பொறியாளர் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்துச் செய்த ஆர்ம் என்ற செயலிச் சில்லு 1985 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கியது. இன்று இந்த மடலை எந்தக் கைப்பேசியில் படித்தாலும் அதனுள்ளே ஓடுவது பெரும்பாலும் அந்தச் சில்லின் வழித்தோன்றல்தான். அதே கேம்பிரிட்ஜில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும், அவர்கள் வரும்போதே கொண்டுவரும் நிரலாக்க அனுபவமும் குறைந்து வருவதை ஆசிரியர்கள் கவனித்தார்கள். வீடுகளில் எழுதினால் இயங்கும் கணினிகள் மறைந்து, விளையாட்டுப் பெட்டிகளும் மூடிய கணினிகளும் வந்துவிட்டதே காரணம் என்று எண்ணிய எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும், பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்கும் அளவுக்கு மலிவான, உறையே இல்லாத ஒரு கணினிப் பலகையைச் செய்து 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்டார்கள். அதுதான் ராஸ்பெரி பை. அப்டனும் சிறுவயதில் பி.பி.சி. மைக்ரோவில் பழகியவரே. பிள்ளைகளின் கைகள் கருவிகளிலிருந்து விலகினால் அதன் விளைவு பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாசலில்தான் தெரிகிறது என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஆய்வகத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இணையவழித் தேர்வுக்கு வருகிறார்கள். காணொளிப் பாடம் பார்க்கிறார்கள். சரியான விடைக்கு எதிரே உள்ள வட்டத்தைச் சொடுக்குகிறார்கள். மற்ற நேரங்களில் ஆசிரியர்கள் அந்தக் கணினிகளில் பள்ளித் தகவல்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் தலையில் சுமத்தப்பட்டுள்ள பதிவேற்ற வேலை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை தானாக ஒரு வரி நிரல் எழுதி, அது தவறி, ஏன் தவறியது என்று யோசித்து, திருத்தி மறுபடி இயக்கிப் பார்க்கும் நேரம் என்று நம் ஆய்வகத்தின் கால அட்டவணையில் எதுவும் இல்லை.

வீட்டிலும் இதே நிலைதான். பெற்றோர் கையிலுள்ள கைப்பேசி முழுமையான கணினிதான், ஆனால் அதன் திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பேட்டரியைக் கூடக் கையால் கழற்ற முடியாது. உள்ளே இருக்கும் உறுப்புகள் கண்ணுக்கே தெரியாத அளவில் சிறுத்துவிட்டன. திருகாணிச் சுழற்றி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை திறந்து, இது செயலி, இது நினைவகம், இது வன்தட்டு, மின்சாரம் இந்த வழியாக வருகிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய கணினி என்று இந்த ஊரில் எஞ்சியிருப்பது அந்தப் பொருள் அறையில் உள்ள பழைய மேசைக் கணினிகள் மட்டுமே. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் செயலியும் நினைவகமும் பாடமாக உள்ளன. அவற்றைப் படத்தில் மட்டும் பார்த்துத் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு அடுத்த அறையில் அவை குவிந்து கிடக்கின்றன. நிதி ஆயோக் 2016 முதல் நடத்திவரும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கருவிகளைக் கழற்றிப் பூட்டிக் கற்பதற்காகவே ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். அந்த நிதி நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வாங்கியிருக்க வேண்டியவற்றில் ஒரு பகுதி நம்மிடமே இருக்கிறது. அதைத்தான் கிலோ கணக்கில் விற்கப் போகிறோம்.

தங்கள் தரப்பில் உள்ள கவலைகளை நான் அறியாதவன் அல்லன். பாதுகாப்பு முதலாவது. பழைய குழாய்த் திரைகளுக்குள் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் இருக்கும், அதில் ஒரு பகுதி மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் தங்கும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளும் மின்தேக்கிகள் சற்று நேரம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். ஆகவே இவ்விரண்டையும் எந்தப் பிள்ளையும் திறக்கக் கூடாது. சனிக்கிழமைக் கூடுகையின் முதல் நாளிலிருந்தே இது விதியாக இருந்திருக்கிறது. இவற்றைத் தவிர்த்துவிட்டால், கணினிப் பெட்டிக்குள் மதர்போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு மேல் இல்லை, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் அதுவும் இல்லை. அறிவியல் ஆய்வகத்தில் அமிலக் குடுவையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கவனமாகப் பழக்குகிறோம்; அங்கே தடை விதிக்காமல் பழக்குவதைத் தேர்ந்தெடுத்த நாம் இங்கேயும் அதையே செய்யலாம்.

இரண்டாவது கவலை இருப்புப் பதிவேடு. தணிக்கைக்கு வருகிறவர் ஒரு ரேம் எங்கே என்று கேட்டால் தலைமை ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது உண்மை. அவருடைய அச்சத்தை நான் சிறுமையாக நினைக்கவில்லை. ஆனால் கண்டம் செய்யப்பட்டதாக, அதாவது பயன்பாட்டுக்கு உதவாது என்று கழிக்கப்பட்டதாக, பதிவேட்டில் முறைப்படி எழுதிவிட்டால், அதன் பிறகு அதே பெட்டியைக் கற்பிக்கும் பொருளாக வேறு பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளத் தடை இருக்காது. எடைக்குக் கொடுப்பதற்கும் கண்டம் செய்துதானே ஆக வேண்டும். அதே காகித வேலைதான். முடிவில் பொருள் பள்ளியிலேயே இருக்கும்.

காயலான் கடைக்குக் கொடுப்பதில் வேறொரு கேடும் இருக்கிறது. அங்கே செம்புக்காகக் கம்பிகளை எரிப்பார்கள். அந்தப் புகை நம் ஊர்க் காற்றில்தான் கலக்கும். பழைய திரைகளின் கண்ணாடியிலும் பலகைகளின் பற்றாசிலும், அதாவது சால்டரிலும், ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களை மட்டுமன்றி, பழையதைச் சரிசெய்து மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருபவர்களையும் தனிப் பிரிவாகவே குறிப்பிடுகின்றன. தூக்கிப் போடுவதற்கு முன் பழுது பார்ப்பது அரசின் கொள்கைக்கும் உகந்ததுதான்.

பெண் பிள்ளை என்பதால் இது நடந்தது என்று நான் குற்றஞ்சாட்ட வரவில்லை. ஆனால் விளைவு பெண் பிள்ளைகள் மேல்தான் அதிகம் விழும். ஒரு பையனுக்குக் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை இருக்கிறது, இருசக்கர வாகனப் பட்டறை இருக்கிறது. மாலையில் போய் நின்றால் யாராவது ஒரு திருகாணிச் சுழற்றியைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு என் மாமாவின் கடை இருந்ததைப் போல. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்த ஊரில் அப்படி நிற்க ஓர் இடம் பள்ளியை விட்டால் வேறு இல்லை. சனிக்கிழமைக் கூடுகைக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாணவிகளாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஓர் இடத்தையும் மூடிவிடுவது என்று முடிவெடுக்கும்போது அவர்களில் ஒருவரையாவது அழைத்துக் கேட்டீர்களா?

இனி என் கோரிக்கைகள். முதலாவதும் அவசரமானதும் அந்த மாணவியைப் பற்றியது. சொத்தைச் சேதப்படுத்தினார் என்ற வரியைத் தீர்மானத்திலிருந்து நீக்குங்கள். அவருடைய தந்தை எழுதிக் கொடுத்த கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பழுதடைந்த கணினி ஒன்றை அவர் சரிசெய்தார் என்ற உண்மையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் தம் வாயால் எல்லா மாணவர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை எல்லாருக்கும் தெரியும்படி நடந்தது. திருத்தமும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

பழைய கணினிகளை விற்கும் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் நானும், இதே துறையில் உள்ள பிற பழைய மாணவர்களும் வந்து ஒவ்வொன்றையும் சோதித்து, சரிசெய்யக் கூடியவை, திறந்து கற்பதற்கு மட்டும் உதவுபவை, இரண்டுக்கும் உதவாதவை என்று பிரித்துக் கொடுக்கிறோம். இதற்குப் பள்ளி ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. குழாய்த் திரைகளையும் மூன்றாம் வகையையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

சனிக்கிழமைக் கூடுகையை மீண்டும் தொடங்க அனுமதி கொடுங்கள். ஓர் ஆசிரியர் பொறுப்பில், எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்ற விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, வருகைப் பதிவேடு வைத்து நடத்துவோம். அந்த ஆசிரியருக்கு இது கூடுதல் சுமையாகிவிடாதபடி பழைய மாணவர்கள் முறை வைத்து வருவோம். இதோடு, வாரத்தில் இரண்டு மாலைகளாவது ஆய்வகக் கணினிகளில் பிள்ளைகள் தாங்களே நிரல் எழுதிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். ஸ்கிராட்ச், பைத்தான் என்ற நிரல் மொழிகள் இரண்டும் இலவசம். இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும்.

கருவிகளைத் திறக்கக் கூடாது என்ற பொதுத் தடையை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக மேற்சொன்ன விதிகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். இவற்றை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து, அந்தக் கூட்டத்தில் பேச எனக்கும், சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த மாணவ மாணவிகளில் இருவருக்கும் அனுமதி தர வேண்டும். அந்தக் கூட்டம் கூடி முடிவெடுக்கும் வரை பொருள் அறையிலிருந்து ஒரு கணினியும் வெளியே போகாது என்று தலைமை ஆசிரியர் எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
1988இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பழைய மாணவன்